வேறொருவருக்காகச் செய்யப்பட்ட கணினி

மடிக்கணினிகளில் எடையைக் குறைப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு, திரையைப் பன்னிரண்டு அங்குல அளவில் நிறுத்தி, ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்படி செய்யப்பட்ட வகை ஒன்று உண்டு. வணிக வழக்கில் அல்ட்ரா போர்ட்டபிள் என்று அழைக்கப்படும் இவ்வகை, கடைக்கு வந்த காலத்தில் அதே திறனுள்ள பெரிய கணினியைவிடக் கூடுதல் விலைக்கே விற்றது. புதிதாக இருந்தபோது அதைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அதற்குத் தம் பணத்தைக் கொடுக்காதவர்கள். நிறுவனம் வாங்கித் தந்த கணினியோடு விமான நிலையத்திலும் வாடிக்கையாளரின் அலுவலகத்திலும் காலம் கழித்த மேலாளர்கள், ஆலோசகர்கள், விற்பனை அதிகாரிகள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே கணினி, சாதாரணக் கைப்பேசி ஒன்றுக்கும் குறைந்த விலைக்கு, ஒரு மாணவரிடமோ மெய்ப்புத் திருத்துபவரிடமோ நிரல் எழுதப் பழகும் இளைஞரிடமோ வந்து சேர்கிறது. யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரிடமிருந்து, எவரைப் பற்றிச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லையோ அவரிடம் அது வந்து சேர்வதும், அவரிடமே நெடுங்காலம் உழைப்பதும் எப்படி நேர்கிறது என்பது ஆராயத்தக்கது.

எடையைக் குறைக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன. உள்ளே இருக்க வேண்டியவற்றுள் சிலவற்றை வெளியே விட்டுவிடுவது முதல் வழி. ஐபிஎம் 1993-இல் ஜப்பானுக்கு மட்டும் என்று வெளியிட்ட திங்க்பேட் 220, பென் டார்ச்சில் போடும் சிறு செல்களைக்கொண்டே ஓடக்கூடியதாக இருந்தது. தோஷிபா 1996-இல் கொண்டுவந்த லிப்ரெட்டோ 20, விண்டோஸ் 95 ஓடும் முழுக் கணினியை 840 கிராமுக்குள் அடக்கிக் காட்டியது. மேசையும் சிறிது, ரயிலில் இடமும் சிறிது என்ற வாழ்க்கை முறை கொண்ட ஜப்பானில் இத்தகைய கணினிகளுக்கென்று தனிச் சந்தையே இருந்தது. பிளாப்பி டிரைவும் பின்னர் சிடி டிரைவும் இவற்றில் வெளியேற்றப்பட்டு, தேவைப்படும்போது மட்டும் வயரில் மாட்டிக்கொள்ளும் துணைக்கருவிகளாயின. இரண்டாவது வழி, பிரிக்க முடிவதை விட்டுக்கொடுத்து மெலிவைப் பெறுவது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2008 ஜனவரியில் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய மேக்புக் ஏர் இவ்வழியின் தொடக்கமாகக் கருதப்படுவது சரியே. அதன் ராம், அதாவது கணினி வேலைசெய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், மதர்போர்டின்மீதே ஈயப்பற்று வைத்து நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. பேட்டரியைக் கழற்ற வேண்டுமென்றால் அடித்தட்டையே திறக்க வேண்டியிருந்தது. இன்டெல் 2011-இல் அல்ட்ராபுக் என்ற பெயரை முன்வைத்து மற்ற நிறுவனங்களையும் அதே திசையில் தள்ளியபின், இரண்டாவது வழியே ஏறக்குறைய ஒரே வழியாகிவிட்டது.

இவ்விரண்டு காலங்களும் சந்திக்கும் விளிம்பில் நிற்பது, லெனோவோ அதே 2011-இல் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்220. ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கிக்கொண்ட 2005-க்குப் பிறகும், ஜப்பானின் யமாட்டோ ஆய்வுக்கூடத்தில் அரிமாசா நைட்டோவின் தலைமையில் வளர்ந்த பொறியியல் மரபும், ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியை மனத்தில் வைத்து வகுத்த கறுப்புப் பெட்டி வடிவமும் பெரிதாகக் கலையாமல் தொடர்ந்தன. பன்னிரண்டரை அங்குலத் திரை, சாண்டி பிரிட்ஜ் என்ற குறிப்பெயர் கொண்ட இரண்டாம் தலைமுறை இன்டெல் செயலி, ஆறு செல் பேட்டரியோடு சேர்த்துச் சுமார் ஒன்றரைக் கிலோ எடை ஆகியவற்றைக் கொண்ட இக்கணினியில், சேமிப்பகம் இருக்கும் அறையை மூடியிருப்பது ஒற்றைத் திருகாணிதான். ராமுக்கு அடியில் தனிக் கதவு இருக்கிறது. பேட்டரி இரு தாழ்களைத் தள்ளினால் கையோடு வருகிறது. அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால், எந்தத் திருகாணியைக் கழற்றினால் விசைப்பலகை வரும் என்பதைக் காட்டும் சிறு விசைப்பலகைச் சின்னம் அந்தத் திருகாணியின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இந்தச் சின்னம் யாருக்காகப் பொறிக்கப்பட்டது என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மேலாளர் தம் கணினியைக் கழற்றப்போவதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து வாங்கப்போகிறவரைப் பற்றி நிறுவனத்துக்கு அக்கறை இருந்திருக்க நியாயமில்லை. ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே ஒப்பந்தத்தில் வாங்கும் பெருநிறுவனம், அவை பழுதானால் அடுத்த வேலைநாளிலேயே அலுவலகத்துக்கு வந்து சரிசெய்து தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. அப்படி வந்து நிற்கும் சர்வீஸ் ஆள், வரவேற்பறை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒற்றைத் திருப்புளியைக்கொண்டு சில நிமிடங்களில் விசைப்பலகையை மாற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அச்சின்னம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எந்தத் திருகாணி எந்த நீளம் என்பதைப் படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேடு எவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டதற்கும், களத்திலேயே மாற்றத்தக்க ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி எண் இடப்பட்டதற்கும் இதே காரணம்தான். பழைய கணினியைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஆள்பவர் அனுபவிக்கும் சுதந்திரம், இரு பெரும் நிறுவனங்களுக்கிடையிலான சேவை ஒப்பந்தத்தின் மிச்சம். அறத்தின் பெயரால் பேசப்படும் பழுதுபார்க்கும் உரிமை இங்கே கணக்குப் புத்தகத்தின் வழியாக வந்தது என்பதை அவ்வுரிமைக்காக வாதாடுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அதே கணக்குப் புத்தகம்தான் கணினியைச் சந்தைக்கும் அனுப்பிவைக்கிறது. நிறுவனங்கள் மூன்றாண்டு, நான்காண்டு உத்தரவாதம் முடிந்ததும், நன்றாக ஓடுகிறதா இல்லையா என்று பாராமல், மொத்தக் கணினிகளையும் கழித்துவிடுகின்றன. குத்தகைக்கு எடுத்தவை குத்தகை நிறுவனத்துக்குத் திரும்புகின்றன. சொந்தமானவை ஏலத்துக்குப் போகின்றன. வியாபாரிகள் லாட் என்று சொல்லும் மொத்தக் குவியலாக வாங்கப்பட்டு, துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, டெல்லியின் நேரு பிளேஸிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் இவை அடுக்கப்படுகின்றன. குவியலில் பெரிய திரையுள்ளவை விரைவில் போய்விடும். வீட்டுக்கு வாங்குபவர் பெரிய திரையையும் எண் விசைகளையும் கேட்பார். புதிதில் அதிக விலைக்கு விற்ற சிறிய கணினி, பழையதில் கேட்பாரற்றுக் கீழ்த்தட்டில் கிடப்பதற்கு இதுவே காரணம். ஒரு காலத்தில் அதிகம் கொடுத்து வாங்கப்பட்ட குறைவு, இப்போது வெறும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது.

வாங்குபவர் கடையில் நின்று பார்க்க வேண்டியவை பல இருந்தாலும், பளபளப்பைப் பார்ப்பது அவற்றுள் கடைசி. திங்க்பேட்டை முடுக்கிய உடனே எஃப்1 விசையை அழுத்தினால் பயாஸ், அதாவது இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே வன்பொருளைத் தட்டியெழுப்பும் அடிப்படை நிரல், தன் அமைப்புப் பக்கத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பதிலாகக் கடவுச்சொல் கேட்டால், முந்தைய நிறுவனத்தின் கணினித் துறை வைத்த மேற்பார்வையாளர் கடவுச்சொல் இன்னும் நீங்கவில்லை என்று பொருள். உள்ளிருக்கும் பொத்தான் செல்லைக் கழற்றிவைத்தால் அழிந்துவிடும் என்று வீட்டுக் கணினிகளைப் பற்றிச் சொல்லப்படும் யோசனை இங்கே எடுபடாது. அக்கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்துக்கொள்ளும் தனிச் சிப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது, உற்பத்தியாளரின் விடையோ மதர்போர்டையே மாற்றுங்கள் என்பதாகும். சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை மாட்டியிருப்பவர்கள் அந்தச் சிப்பை நேரடியாக எழுதித் தருவதுண்டு என்றாலும், வாங்குவதற்கு முன்பே அந்தச் செலவைப் பேசிவிட வேண்டும். அதே பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் என்ற வரியையும் பார்க்க வேண்டும். திருட்டுப்போன கணினி தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும்படி பயாஸிலேயே பதிக்கப்பட்ட அந்த ஏற்பாடு செயல்நிலையில் விடப்பட்டிருந்தால், கணினி வந்த வழி நேரானதுதானா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி, பேக்கப் எவ்வளவு நிற்கும் என்பது; சாதாரணமாகக் கிடைக்கும் பதில், டெஸ்டிங் வாரண்டி தருகிறோம் என்பது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்லும்.

வீட்டுக்கு வந்த கணினியில் முதல் உடைமையாளரின் தடயங்கள் எஞ்சியிருக்கும். சொத்து எண் ஒட்டியிருந்த இடத்தில் பசை கறுத்திருக்கும். இடைவெளி விசையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்குவதிலிருந்து அவர் எந்தக் கட்டைவிரலைப் பயன்படுத்தினார் என்று சொல்லிவிடலாம். இவற்றைக் காவியமாக்கிப் பேசும் வழக்கம் பழம்பொருள் விரும்பிகளிடம் உண்டு. ஈரத்துணியும் சிறிது ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்துவிடுவது போதும்.

பேட்டரிதான் பழைய கணினியின் உண்மையான வயதைச் சொல்வது. எக்ஸ்220-இன் ஆறு செல் பேட்டரிக்குள் இருப்பவை 18650 என்ற அளவுப்பெயர் கொண்ட உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய இந்தச் செல்தான் எல்இடி டார்ச்சுகளிலும் பவர் பேங்குகளிலும் தொடக்கக் காலத்து டெஸ்லா கார்களிலும் இருந்தது. மூன்று இணைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு 11.1 வோல்ட் தருகின்றன. லித்தியம் செல் பயன்படுத்தினாலும் மூப்படையும், பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் மூப்படையும். முழுதாக ஏற்றிய நிலையில் சூட்டில் கிடந்தால் இன்னும் விரைவாக மூப்படையும் என்பதால், ஆண்டுக்கணக்கில் அலுவலக மேசையில் சார்ஜரிலேயே செருகிக் கிடந்த கணினி, சிறிதும் அலையாமலே தன் பேட்டரியைத் தின்றுவிட்டிருக்கும். செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் நிற்பது எவ்வளவு என்ற இரு எண்களையும் பேட்டரிக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்பே சொல்லிவிடும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் இரண்டையும் படித்துப் பார்க்கலாம்.

அந்த எண்கள் ஏமாற்றம் தரும்போது புதியது வாங்குவது என்ற எளிய தீர்வு கிடைப்பதில்லை. அசல் பேட்டரி என்று பெட்டியோடு வருவது, நெடுங்காலத்துக்கு முன்பு செய்யப்பட்டுக் கிடங்கில் கிடந்ததாக இருந்தால், பயன்படுத்தப்படாத கிழமாகத்தான் இருக்கும். பிற நிறுவனங்கள் செய்யும் பேட்டரிகளின் தரம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆனாலும் எக்ஸ்220 அவற்றை மறுப்பதில்லை. அடுத்த ஆண்டே வந்த எக்ஸ்230, பேட்டரி அசல்தானா என்று விசாரித்துப் பார்த்து, அசல் இல்லாவிட்டால் மின்னேற்றம் செய்ய மறுக்கும்படி மாற்றப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரு கணினிகளில் ஒன்று எந்தக் கடைப் பேட்டரியையும் ஏற்றுக்கொள்ள, மற்றொன்றுக்கு அதன் உள்நிரலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம், தரமற்ற லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது என்பதால் அதை முற்றிலும் போலி என்று தள்ளவும் முடியாது. என்றாலும், உற்பத்தியாளர் அசல் பேட்டரியைச் செய்வதை நிறுத்திய நாளில் அந்தக் காரணம் காலாவதியாக, தடை மட்டும் நிலைத்துவிடுகிறது. பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதுச் செல்களைப் பற்றவைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். இணைப்பைத் துண்டிக்கும் வரிசை தவறினால் பேட்டரியின் கட்டுப்பாட்டுச் சிப்பு தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அதன்பின் எத்தனை நல்ல செல்லை வைத்தாலும் பயனில்லை. நல்ல பேட்டரி ஒன்று அமைந்தபின் அதைக் காப்பாற்றத் திங்க்பேட்டில் ஒரு வழி உண்டு: எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே, எழுபத்தைந்துக்குக் கீழ் இறங்கினால் மட்டும் ஏற்று என்று எல்லை வகுத்துவிடலாம். பழைய கணினியோடு வாழ்பவரின் பழக்கங்களில் மிகப் பயனுள்ளது இதுவே.

எக்ஸ் வரிசையில் ஏழு வரிசை விசைப்பலகை கொண்ட கடைசிக் கணினி என்ற பெயரும் எக்ஸ்220-க்கு உண்டு. பக்கத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தாவும் விசைகள் தனிக் கூட்டமாக வலப்பக்க மேல்மூலையில் இருக்க, அழிக்கும் விசை இரு மடங்கு உயரத்தோடு நிற்க, ஒவ்வொரு விசையின் முகமும் விரல் நுனிக்கு ஏற்ப லேசாகக் குழிந்திருக்கிறது. நடுவில் இருக்கும் சிவப்பு ரப்பர் குமிழ் டிராக்பாயிண்ட் எனப்படும் சுட்டுக்கருவி. விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கை போவதற்கு ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது என்ற ஆய்வுக் கணக்கைப் படித்த டெட் செல்கர், அந்த நேரத்தை மிச்சப்படுத்தும் முயற்சியில் ஐபிஎம்மில் உருவாக்கிய இது 1992-இன் முதல் திங்க்பேட்களிலேயே இடம்பெற்றது. குமிழ் நகர்வதில்லை, விரல் எந்தப் பக்கம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை அதன் அடியில் இருக்கும் உணரிகள் அளக்கின்றன. சில வேளைகளில் விரலை எடுத்த பின்னும் சுட்டி தானாகவே ஒரு மூலையை நோக்கி ஊர்ந்து செல்லும். புதிதாகப் பழகுபவர் பதறி அதை எதிர்ப்பக்கம் இழுப்பார். இழுக்க இழுக்க ஊர்வது கூடும். குமிழைத் தொடாமல் சில நொடி விட்டுவிட்டால், உணரி தன் நடுநிலையை மீண்டும் கணித்துக்கொண்டு தானே அடங்கும்.

தமிழில் தட்டச்சுபவருக்கு இந்த அமைப்பில் எதிர்பாராத நன்மை ஒன்று இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களில் பெரும்பாலானவற்றை வலக்கைக்கும் பிரித்துக் கொடுப்பதால், இரு கைகளும் நடுவரிசையை விட்டு அதிகம் விலகாமல் மாறி மாறி இயங்குகின்றன. சிவப்புக் குமிழ் அமைந்திருப்பது எ, க, ங என்னும் மூன்று விசைகளின் சந்தியில். கை மாற்றி மாற்றி அடிக்கும் தாளத்தை விடாமலே வரிக்கு வரி சுட்டியை நகர்த்திக்கொள்ளலாம். இக்கணினியைச் செய்தவர்களுக்குத் தமிழ்99 இருப்பது தெரிந்திருக்காது, தமிழ்99-ஐ வகுத்தவர்கள் இக்குமிழை எண்ணி வகுக்கவும் இல்லை. விசைப்பலகை தரும் இன்பத்தைத் திரை தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1366-க்கு 768 என்ற புள்ளிக் கணக்குக் கொண்ட இத்திரை இரு வகையாக விற்கப்பட்டது: எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை ஒன்று, தலையைச் சற்று அசைத்தாலே வெளிறியும் கறுத்தும் போகும் டிஎன் வகை மற்றொன்று. மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஆங்கில எழுத்து சிறிய அளவிலும் இத்திரையில் தாக்குப்பிடிக்கிறது. ணு, ளு, ஞூ என்று சுழியும் கீழ்விலங்கும் கொண்ட தமிழ் எழுத்துகள் சிறிய அளவில் அடைபட்டுக் கறுத்துத் திட்டாகிவிட, எழுத்தைப் பெரிதாக்கினால் 768 புள்ளி உயரத்தில் சில பத்திகளே கொள்கின்றன. நெடுங்கட்டுரையை எழுத உகந்த கணினி, அதைத் திருப்பிப் படித்துப் பார்க்க உகந்ததாக இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் கணினியின் உடலுக்கு உள்ளே நிகழும் மூப்பு. பழைய மடிக்கணினியை உண்மையில் கிழடாக்குவது வெளியே இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள மதர்போர்டில் இருக்கும் பொத்தான் செல்லே போதும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் அந்தச் செல் தீர்ந்துவிட்டால், முடுக்கியதும் இரு முறை கூவி, 0271 என்ற பிழை எண்ணைக் காட்டி, தேதியைச் சரிபார்க்கச் சொல்லும். அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே நுழைந்தால் எழுதலாம், கணக்குப் போடலாம், பாட்டுக் கேட்கலாம். இணையத்தை மட்டும் திறக்க முடியாது. இன்று இணையதளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை நிறுவ நாள் குறித்த சான்றிதழ் ஒன்றைக் காட்டுகிறது. பல ஆண்டு பின்தங்கிய கடிகாரத்தை நம்பும் உலாவி, அந்தச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறக்காத நாளிலிருந்து செல்லுபடியாகுபவை என்று முடிவுகட்டி, வங்கியையும் நூலகத்தையும் மின்னஞ்சலையும் ஒரே அடியாக மோசடி என்று சாத்திவிடும். கணினியில் எதுவும் கெடவில்லை, அதன் காலம் மட்டும் உலகத்தின் காலத்தோடு ஒத்துப்போகவில்லை.

செல்லை மாற்றினால் அந்தக் கோளாறு தீரும். தீராதவை வேறு. காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எச்.264 என்பதை விரிப்பதற்கான தனிச் சுற்று சாண்டி பிரிட்ஜ் செயலிக்குள்ளேயே இருக்கிறது. பின்னாளில் யூடியூப் கையாளத் தொடங்கிய விபி9, ஏவி1 ஆகிய முறைகளுக்கு அத்தகைய சுற்று இதில் இல்லை. எனவே ஒரே சொற்பொழிவை ஒரு முறையில் பார்த்தால் விசிறி ஓசையின்றி இருக்கும், மற்றொரு முறையில் பார்த்தால் இரைச்சலெடுக்கும். பழைய முறையிலேயே அனுப்பு என்று தளத்தைக் கேட்கும் சிறு நீட்சி நிரல் ஒன்றை உலாவியில் பொருத்தினால் கணினி சில ஆண்டு இளமை திரும்பியதாகத் தோன்றும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பெயர்களோடு வெளிப்பட்ட செயலிக் குறைபாடுகளுக்கான மருந்தும் பழைய கணினியைக் கிழடாக்குவதே: சாண்டி பிரிட்ஜுக்குப் பின்வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலும் அதற்கு முந்தியவற்றிலும் வேகக் குறைவு கூடுதலாகத் தெரியும் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே அறிவித்தது. வன்பொருள் வேகமெடுப்பதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிவருகிறது என்று நிக்லாவுஸ் விர்த் 1995-இல் எழுதியதைப் பழைய கணினி வைத்திருப்பவரைப்போல உடம்பால் உணர்ந்தவர் எவரும் இல்லை. புதிய கணினி வாங்குபவருக்கு அந்த மந்தம் விலைக்குள் மறைந்துவிடுகிறது.

இயங்குதளத்தில் இந்த வெளியேற்றம் தேதி குறித்தே நடக்கிறது. ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. எக்ஸ்220-இல் இன்று நம்பி ஓட்டத்தக்கது லினக்ஸ். அது அங்கே நன்றாக ஓடுவதற்கும் காரணம் முன்பு சொன்னதுதான்: நிரலாளர்களுக்கும் பெருநிறுவனங்கள் இதே கணினிகளைக் கொடுத்திருந்ததால், அவர்கள் தங்கள் மேசையில் இருந்ததற்கே ஓட்டு நிரல் எழுதினார்கள். உற்பத்தியாளரின் பயாஸையே நீக்கிவிட்டுக் கோர்பூட் என்ற திறந்த நிரலைப் பொருத்தவும் இக்கணினியில் வழியிருக்கிறது. அப்படிச் செய்தால், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைச் செருகினால் 1802 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும் பழைய பிடிவாதமும் போய்விடுகிறது. இதற்குப் பலகையின்மேல் கவ்வி வைத்துச் சிப்பை எழுதும் துணிவு வேண்டும், எல்லோருக்கும் பரிந்துரைக்கத்தக்கதன்று.

இத்தகைய துணிவைச் சுற்றி ஒரு பக்தியும் வளர்ந்திருக்கிறது. பழைய எக்ஸ்61, எக்ஸ்201 உடல்களுக்குள் புதிய தலைமுறைச் செயலியோடு பொருந்தும் மதர்போர்டுகளைச் சீனத்து ஆர்வலர் குழு ஒன்று தானே வடிவமைத்து விற்றது. பழைய விசைப்பலகைக்கான ஏக்கத்தைக் கண்டு லெனோவோவும் 2017-இல் வெள்ளி விழாப் பதிப்பு ஒன்றை அதே ஏழு வரிசையோடு வெளியிட்டது. பொறியியல் சாதனை என்ற வகையில் அந்த மதர்போர்டுகள் வியக்கத்தக்கவையே. ஆனால் இருப்பதைக்கொண்டு ஒப்பேற்றிக்கொள்வதாகத் தொடங்கிய செயல், புதுக் கணினியின் விலையை எட்டும்போது வேறொன்றாகிவிடுகிறது. சுற்றுச்சூழலின் பெயரால் சொல்லப்படும் நியாயத்துக்கும் இது பொருந்தும். ஒரு மடிக்கணினியால் விளையும் கரிம வெளியீட்டில் பெரும்பகுதி அது செய்யப்படும்போதே நிகழ்ந்துவிடுவதால், செய்யப்பட்டதை நீண்ட நாள் ஓட்டுவது பூமிக்கு நல்லது என்ற வாதம் சரியானது. அது புதியதை வாங்காமல் விட்டவருக்கு மட்டுமே உரியது, அலமாரியில் ஏழு பழைய திங்க்பேட்களை அடுக்கிவைத்திருப்பவருக்கு அதில் பங்கில்லை.

பழுதுபார்க்கும் வசதியைச் சட்டத்தால் மீட்க இப்போது முயற்சிகள் நடக்கின்றன. சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் ஒன்றை 2022 டிசம்பரில் தொடங்கியது. இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது, 2024-இல் அறிமுகமான திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு, பழுதுபார்ப்பு எளிமையை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பது. ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்கு விற்கப்படும் வரிசை அது. சர்வீஸ் ஆளின் நேரத்துக்கு மீண்டும் விலை வந்திருக்கிறது போலும். அந்தக் கணினிகள் குத்தகை முடிந்து கீழ்த்தட்டுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

அதுவரை எக்ஸ்220-கள் ஒன்றையொன்று தின்று வாழ்கின்றன. உதிரிப் பாகம் புதிதாகச் செய்யப்படாத நிலையில், விசிறி நின்றால் மற்றொரு கணினியின் விசிறிதான் வர வேண்டும். விசிறி சுழலவில்லை என்று கண்டால் இக்கணினி முடுக்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடவும் முடியாது. கீல் தளர்ந்த கணினி திரைக்காகவும், திரை உடைந்த கணினி மதர்போர்டுக்காகவும் வாங்கப்படுகின்றன. எக்ஸ்220-இன் விசைப்பலகையை எக்ஸ்230-இன் உடலில் சிறிது அரம் வைத்தும் உள்நிரலைத் திருத்தியும் பொருத்திக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்220-களும் விசைப்பலகைக்காகப் பிரிக்கப்பட்டன. ஐபிஎஸ் திரையுள்ளது என்றால் அதற்கும் தனி விலை உண்டு. எனவே முழுக் கணினி ஒன்றை மலிவாகக் கேட்பவரிடம் கடைக்காரர் இப்போது சற்றுத் தயங்குகிறார், அதைப் பாகம் பாகமாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே விலை சொல்கிறார்.